புதுக் கணிப்பொறியும் வராத இணையமும்

கணிப்பொறியைக் கடையிலிருந்து முழுதாக வாங்கி வருவது ஒரு வகை. மதர்போர்டு, பிராசசர், நினைவகம், மின் வழங்கி, பெட்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் செலவு நம் கைக்குள் அடங்கும். பழுது நேர்ந்தால் பழுதான உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருப்பது இன்னதென்று நமக்கும் தெரிந்திருக்கும். ஆதலின் இவ்வகையை விரும்பும் இல்லங்களும் நம்மிடையே உள்ளன.

பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டுத் திரையில் ஒளி வந்தவுடன் வீடே மகிழ்கிறது. அடுத்து லேன் கேபிளைச் செருகுகிறோம். இணையம் வரவில்லை! அப்போது நிகழ்வதை நாம் அறிவோம். அப்பா கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார். அண்ணன், விண்டோஸை மறுபடியும் முதலிலிருந்து நிறுவலாம் என்பான். பக்கத்து வீட்டார், "போர்டு போயிருக்கும்" என்பார். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் எது உண்மை என்று சோதித்தவர் ஒருவரும் இலர். 'போர்டு போயிற்று' என்னும் ஒரு சொல்லுக்குப் பல ஆயிரம் ரூபாய் விலை உண்டு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கணிப்பொறி வாங்கிய குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று.

எனவே, அன்புத் தோழியரே, கம்பி வழி இணையம் வராதபோது அதன் காரணத்தை எவ்வாறு ஒழுங்காகத் தேடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. இணையம் வரும் வழியைத் தெரிந்துகொண்டு, அவ்வழியே ஒவ்வோர் அடியாக நடந்து பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

இணையம் வரும் வழி

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணைய சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கி வைத்தது. அந்நாளில் தொலைபேசிக் கம்பியின் வழியே இணையம் மெல்ல ஊர்ந்து வந்தது. இன்றோ பல வீடுகளுக்குக் கண்ணாடி இழை வழியாக வருகிறது. அது வீட்டிலுள்ள மோடத்தில் முடிகிறது. அங்கிருந்து ரவுட்டர் என்னும் பெட்டி அதனைப் பல கருவிகளுக்கும் பங்கிட்டுத் தருகிறது. பல வீடுகளில் மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ரவுட்டரிலிருந்து கணிப்பொறிக்கு வருவதுதான் நம் லேன் கேபிள்.

இக்கேபிளின் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகிய இருவரும் 1973 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கினர். 1983 இல் இது பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே 8 மெல்லிய செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு 4 இணைகளாக இருப்பதைக் காணலாம். பின்னலிட்டதுபோல் அவற்றை முறுக்கியிருப்பது அழகிற்காக அன்று. அருகிலுள்ள மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குவதால், மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இரைச்சலைக் கழித்துவிடலாம்.

கேபிள் வந்து சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. நம் வீட்டிற்கு ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம். தெரு இருக்க வேண்டும். வாசல் திறந்திருக்க வேண்டும். கடிதத்தை வாங்க ஆள் இருக்க வேண்டும். வீட்டிற்குக் கதவு எண் இருக்க வேண்டும். இன்னார் இந்த எண்ணில் இருக்கிறார் என்று சொல்லும் பெயர்ப் பட்டியலும் இருக்க வேண்டும். கணிப்பொறியில் தெரு என்பது கேபிள். வாசல் என்பது மதர்போர்டிலுள்ள லேன் சில்லு. கடிதம் வாங்கும் ஆள் டிரைவர் எனப்படும் மென்பொருள். கதவு எண் ஐ.பி. முகவரி. பெயர்ப் பட்டியல் டி.என்.எஸ். இந்த ஐந்தில் எது தவறினும் நமக்குத் தெரிவது ஒன்றே: இணையம் இல்லை. எனவே ஐந்தையும் வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

முதற் கேள்வி

வீட்டிற்கே இணையம் வருகிறதா? இதனை முதலில் கேட்க வேண்டும். கைப்பேசியை ரவுட்டரின் வைஃபையில் இணைத்து ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். அப்போது கைப்பேசியின் மொபைல் டேட்டாவை மறவாமல் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ரவுட்டரில் இணையம் இல்லாதபோதும் கைப்பேசி தன் சொந்த வழியில் பக்கத்தைக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

கைப்பேசியிலும் வரவில்லையென்றால் குற்றம் நம் புதுக் கணிப்பொறியினுடையது அன்று. இணைய நிறுவனத்தாரை அழைக்க வேண்டியதுதான். கைப்பேசியில் வருகிறதென்றால், ரவுட்டர் வரையில் வழி நன்றாக உள்ளது. ஒரே சோதனையில் பாதி வழியைக் கழித்துவிட்டோம்! நல்ல சோதனை எதுவும் இவ்வாறு வழியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குற்றமற்றதென்று விடுவிக்க வேண்டும்.

கேபிளும் விளக்கும்

அடுத்துக் கணிப்பொறியின் பின்புறத்தில் லேன் துளையைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அதன் ஓரத்தில் இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். கேபிளைச் செருகும்போது 'டிக்' என்று ஓசை கேட்க வேண்டும். கணிப்பொறி ஓடும்போது ஒரு விளக்கு எரிந்தோ மினுக்கியோ காட்டினால், ரவுட்டரும் கணிப்பொறியும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்பது பொருள்.

விளக்கு எரியாவிட்டால் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

செருகியின் சிறு நாக்கு உடைந்திருந்தால் அது துளையில் நிலைத்து நில்லாது. கதவிடுக்கில் கேபிள் நசுங்கியிருக்கலாம்; எலி கடித்திருக்கலாம். தொலைபேசிக் கம்பியின் செருகி சற்றுச் சிறியதாதலால் லேன் துளைக்குள்ளும் நுழைந்துவிடும். நுழைந்தாலும் பயன் தராது. செப்புக் கேபிளின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது என்பதும் விதி. வீடுகளில் அவ்வளவு தேவைப்படுவதில்லை.

வீட்டில் பூட்டிய கணிப்பொறிக்கென்றே ஒரு குறை உண்டு. மதர்போர்டைப் பெட்டிக்குள் பொருத்துமுன் பின்புறத் துளைகளுக்காக ஒரு தகரத் தகட்டைப் பதிப்பார்கள். அத்தகட்டின் மெல்லிய நாக்குகளில் ஒன்று வளைந்து லேன் துளைக்குள் புகுந்துவிடுவதுண்டு. அப்போது கேபிள் முழுதும் உள்ளே போகாது. டார்ச் விளக்கால் துளைக்குள் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அதனைச் சரிசெய்யுமுன் மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலை மின்சாரத்தையும் போக்கிக்கொள்ள வேண்டும்.

கேபிள் மறுமுனையில் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். ரவுட்டரில் 'வேன்' என்று குறித்த துளை வெளியிலிருந்து இணையத்தை வாங்குவதற்கு உரியது. நம் கேபிள் 'லேன்' என்று குறித்த துளைகளில் ஒன்றில் இருக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, ஆயினும் வேகம் மட்டும் குறைவு என்பதும் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு 8 கம்பிகளில் 4 போதும். 1 ஜிகாபிட் வேகத்திற்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டிற்கு இறங்கி ஓடக்கூடும். பணம் கட்டிய வேகம் வரவில்லையே என்று நிறுவனத்தாரோடு சண்டையிடுமுன் கேபிளை மாற்றிப் பார்ப்பது நலம்.

வாசலும் வாசலில் நிற்கும் ஆளும்

விளக்கு எரிந்தும் இணையம் வராவிட்டால், டிரைவரை ஐயுற வேண்டும். புதிதாகப் பூட்டிய கணிப்பொறிகளில் அடிக்கடி நேரும் குறை இதுவே. மதர்போர்டிலுள்ள லேன் சில்லு அண்மையில் வெளிவந்ததாக இருந்து, நாம் நிறுவிய விண்டோஸ் அதற்கு முந்தியதாக இருந்தால், விண்டோஸுக்கு அச்சில்லோடு பேசத் தெரியாது. டிவைஸ் மேனேஜர் பக்கத்தைத் திறந்தால் 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்னும் பெயரருகே மஞ்சள் குறி இருக்கும். வாசல் இருக்கிறது, கடிதம் வாங்க ஆள் இல்லை என்பதே அதன் பொருள்.

டிரைவரைப் பெற இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். இச்சிக்கலுக்கு இரு வழிகள் உள்ளன. வேறொரு கணிப்பொறியில் மதர்போர்டு தயாரித்தவரின் இணையப் பக்கத்திற்குச் சென்று, போர்டின் மாடல் எண்ணுக்குரிய லேன் டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து வரலாம். அல்லது ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியோடு சேர்த்து, 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால், கைப்பேசியின் இணையமே சற்று நேரத்திற்குக் கணிப்பொறிக்கும் கிடைக்கும். எவ்வழியாயினும் டிரைவரைத் தயாரிப்பாளரிடமிருந்தே பெற வேண்டும். தேடுபொறியில் முதலில் தோன்றும் ஏதோவொரு பக்கத்திலிருந்து எடுப்பது, முன்பின் அறியாதவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

டிவைஸ் மேனேஜரில் அச்சில்லின் பெயரோ மஞ்சள் குறியோ எதுவுமே இல்லையென்றால், பயாஸ் அமைப்பிற்குள் சென்று 'ஆன்போர்டு லேன்' என்பது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போர்டு பழுதா, மென்பொருள் குறையா என்று தீர்ப்பளிக்க மற்றுமொரு நல்ல சோதனை உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் பதிந்து, எதையும் நிறுவாமலே அதிலிருந்து கணிப்பொறியை இயக்கலாம். அங்கே இணையம் வந்தால் கேபிள், துளை, சில்லு மூன்றும் நலமே. குறை விண்டோஸின் பக்கம் உள்ளது. ஒரு ரூபாய் செலவில்லாமல் போர்டுக்கு நற்சான்று கிடைத்துவிடும்.

சில வேளைகளில் சில்லிலேயே குறை இருப்பதும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 'ஐ225-வி' என்னும் 2.5 ஜிகாபிட் சில்லின் முதற் பதிப்புகளில் ஒரு வடிவமைப்புக் குறை இருந்தது. 2020 ஆம் ஆண்டில் அது வெளிப்பட்டது. வேகத்தை 1 ஜிகாபிட்டாகக் குறைத்து வைப்பதே அதற்கு அப்போது சொல்லப்பட்ட பரிகாரம். பின்னர் திருத்திய பதிப்பு வந்தது. ஆகவே 'போர்டு பழுது' என்னும் சொல் எப்போதும் பொய் என்று நாம் கூறவில்லை. அது கடைசியில் வர வேண்டிய முடிவு; முதலில் வர வேண்டியதன்று.

கதவு எண்

டிரைவரும் சரியாக இருக்கிறதென்றால் முகவரியைப் பார்ப்போம். அமைப்புகள் பக்கத்தில் ஈதர்நெட் பகுதியைத் திறந்தால் ஐ.பி. முகவரி தெரியும். அது 192.168 என்று தொடங்கினால், ரவுட்டர் நம் கணிப்பொறிக்கு எண் கொடுத்துவிட்டது என்று கொள்ளலாம். சில ரவுட்டர்கள் 10 என்று தொடங்கும் எண்ணையும் கொடுக்கும். ஆனால் 169.254 என்று தொடங்கினால், "எண் கேட்டேன், எவரும் கொடுக்கவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்" என்று கணிப்பொறி சொல்வதாகப் பொருள். அவ்வெண்ணால் வெளியுலகிற்குச் செல்ல இயலாது.

அப்போது, முகவரியைத் தானே பெறும்படி கணிப்பொறியில் அமைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் மோடத்தையும் ரவுட்டரையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து முதலில் மோடத்தையும் பிறகு ரவுட்டரையும் போட வேண்டும். ரவுட்டர் இல்லாமல் நேரே மோடத்தில் செருகும் வீடுகளில் வேறொன்றும் உண்டு. சில நிறுவனங்கள் முதலில் இணைத்த கருவியின் அடையாள எண்ணையே நினைவில் வைத்திருக்கும். புதுக் கணிப்பொறியை ஏற்காது. வேறு சில நிறுவனங்களின் இணைப்பில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் வழி திறக்கும். இவற்றை நிறுவனத்தாரிடம் கேட்டே சரிசெய்ய வேண்டும்.

எண் கிடைத்தபின் 'பிங்' என்னும் கட்டளை நமக்குக் கைகொடுக்கும். இதனை மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிய ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்கள் அல்லவா? அவ்வோசையின் பெயரே இதற்கும் ஆயிற்று. முதலில் ரவுட்டரின் எண்ணுக்குப் பிங் அனுப்ப வேண்டும். பதில் வந்தால் வீட்டினுள் வழி நலம். அடுத்து 8.8.8.8 என்னும் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். பதில் வந்தால் வெளியுலகம் வரை வழி நலம்.

பெயர்ப் பட்டியலும் தேதியும்

எண்ணுக்குப் பதில் வருகிறது, ஆனால் பெயரைத் தட்டினால் பக்கம் வரவில்லை என்றால் குறை டி.என்.எஸ். பக்கம் உள்ளது. இணையத்தின் தொடக்க நாட்களில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன. அப்பட்டியலை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் காத்து வந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் பெண்மணி. கணிப்பொறிகள் பெருகியபின் ஒரே பட்டியல் போதாமற் போகவே, 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் இன்றைய பரவலான முறையை வகுத்தார். இக்குறை நேர்ந்தால் அமைப்புகளில் டி.என்.எஸ். முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று இட்டுப் பார்க்கலாம்.

எல்லாம் சரி, பக்கங்கள் மட்டும் "பாதுகாப்பில்லை" என்று எச்சரித்து மறுக்கின்றனவா? கணிப்பொறியின் மூலையில் தேதியைப் பாருங்கள். இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. நம் கணிப்பொறி ஏதோ பழைய ஆண்டில் நின்றால் சான்றிதழ் செல்லாது. தேதியைத் திருத்தினால் போதும். அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பின்னுக்குப் போனால், மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற சிறு பாட்டரியை மாற்ற வேண்டும்.

ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது

இம்முறையின் பயனைக் காட்ட ஒன்று கூறுவோம். நம் தோழி ஒருத்தியின் இல்லத்தில் புதுக் கணிப்பொறி பூட்டினர். இணையம் வரவில்லை. உதவித்தொகை விண்ணப்பத்திற்கு இன்னும் மூன்றே நாட்கள். உறுப்புகள் வாங்கிய கடையில் தொலைபேசியில் கேட்டதற்கு, போர்டை மாற்ற வேண்டியிருக்கும், ஒரு வாரம் ஆகும் என்றனர். தாயும் மகளும் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தனர். அக்காவின் மடிக்கணினியில் அதே கேபிளைச் செருகினர்; இணையம் வந்தது. ஆகவே ரவுட்டரும் கேபிளும் நலம். மறுபடி புதுக் கணிப்பொறியில் செருகியதும், மேசைக்குப் பின்னே டார்ச்சோடு குனிந்த தாயார், "பச்சை லைட் எரியுதும்மா" என்றார். "அப்படின்னா போர்டு சாகலைம்மா" என்றாள் மகள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருந்தது. கைப்பேசியை இணைத்து டிரைவரை எடுத்தனர். அரை மணியில் இணையம் வந்தது. அன்றிரவே விண்ணப்பமும் போயிற்று.

அத்தாயாருக்கு அதற்குமுன் கணிப்பொறியைத் தொட்டும் பழக்கமில்லை. விளக்கு எரிகிறதா, இல்லையா என்று பார்த்துச் சொல்வதற்குப் பழக்கம் எதற்கு?

நினைவில் வைக்க வேண்டியவை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றி இணையம் வந்தால், எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து திண்டாட வேண்டும்.

செய்ததையும் கண்டதையும் ஒரு தாளில் எழுத வேண்டும். நிறுவனத்தாரையோ கடைக்காரரையோ அழைக்கும்போது, "இணையம் வரவில்லை" என்பதைவிட, "விளக்கு எரிகிறது, முகவரி 169.254 என்று வருகிறது" என்று சொன்னால் அவரும் நம்மை அலைக்கழிக்கமாட்டார்.

நன்றாக வேலை செய்வதாக உறுதியான பொருளைக் கொண்டே ஐயத்திற்குரிய பொருளைச் சோதிக்க வேண்டும். இரண்டும் ஐயத்திற்குரியனவானால் சோதனைக்குப் பொருளில்லை.

இடி மின்னலின்போது வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பிகளைக் கழற்றி வைப்பது நல்லது. மின்னலின் வேகம் கம்பி வழியே லேன் சில்லைச் சுட்டுவிடக்கூடும்.

துளைகள் போதவில்லையென்று சிறிய 'ஸ்விட்ச்' பெட்டி வைத்திருப்போர், ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதே பெட்டியில் செருகிவிடாதிருக்க வேண்டும். செய்தி அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து வீட்டு இணையம் முழுவதையும் முடக்கிவிடும். பெரிய வலையமைப்புகளில் இச்சுற்றுதலைத் தடுக்கும் முறையை 1985 இல் வகுத்தவர் ரேடியா பெர்ல்மன் என்னும் பெண் பொறியாளர். விலை குறைந்த வீட்டுப் பெட்டிகளில் அம்முறை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே கவனம் நம்முடையதாக வேண்டும்.

முடிவாக

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். வீட்டில் ஒரு கருவி பழுதானால், "ஆண்பிள்ளை யாரேனும் வரட்டும்" என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் சில இல்லங்களில் உள்ளது. இணையத்தின் பெயர்ப் பட்டியலைக் காத்தவரும் அதன் வழிகளை முடங்காமற் செய்தவரும் பெண்கள் என்றால், நம் வீட்டு மேசைக்குப் பின்னே டார்ச்சோடு குனிய நாம் ஏன் தயங்க வேண்டும்? பெற்றோரும் தம் பெண்மக்களை, "அதைத் தொடாதே" என்று தடுக்காமல், "என்ன தெரிகிறது, பார்த்துச் சொல்" என்று கேட்பார்களாக. தெரு, வாசல், ஆள், எண், பெயர் என்னும் இவ்வரிசையை மனத்தில் வைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழகுவோமாக.